எஸ்போசித்தோ: முதல் ஆளைத் தேடிப் போகும் வழி

எஸ்போசித்தோ என்ற இத்தாலியக் குடும்பப்பெயருக்குப் பொருள் தேட அரை நிமிடம் போதும். லத்தீனில் 'எக்ஸ்போசிதுஸ்' என்றால் வெளியே வைக்கப்பட்டவர். பெற்றவர்கள் விட்டுவிட்டுப் போன குழந்தைக்கு நேப்பிள்ஸில் வைத்த பெயர் இது. ஆனால் ஒரு குறிப்பிட்ட எஸ்போசித்தோ குடும்பத்தில் இந்தப் பெயரை முதலில் வாங்கியவர் யார் என்று கேட்டால், அங்கிருந்துதான் வேலை ஆரம்பம். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். பாதி நேரம் தவறான ஆள் பின்னால் போவதில் கழியும்.

முதலில் உச்சரிப்பு. அழுத்தம் 'போ'வில் விழ வேண்டும். அமெரிக்காவில் 'எஸ்பொசீட்டோ' என்று மூன்றாவது அசையை இழுப்பார்கள். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு: காதில் விழுந்ததை எழுதிய குமாஸ்தாக்களால் பெயர் ஸ்போசித்தோ, எக்ஸ்போசித்தோ, தெஸ்போசித்தோ என்று பலவாறாகப் பதிவாகியிருக்கிறது. தேடும்போது இத்தனையையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

இத்தாலியில் அதிகம் காணப்படும் முதல் பத்துக் குடும்பப்பெயர்களுக்குள் இது வரும். நேப்பிள்ஸிலும் அதைச் சுற்றியுள்ள கம்பானியா பகுதியிலும் இதற்குத்தான் முதலிடம். வடக்கே ரோஸ்ஸி, தெற்கே ரூஸ்ஸோ என்று பரவியிருக்கும் பெயர்கள் செம்பட்டை முடிக்காரரைக் குறித்த பட்டப்பெயர்கள். நூறு ஊர்களில் நூறு பேருக்குத் தனித்தனியாக ஒட்டிக்கொண்டவை. எஸ்போசித்தோ அப்படியல்ல. பெரும்பாலும் ஒரே வாசலில் வந்து சேர்ந்த, ஒருவருக்கொருவர் உறவே இல்லாத குழந்தைகளுக்கு வரிசையாகக் குத்தப்பட்ட முத்திரை அது. ஆகவே இரண்டு எஸ்போசித்தோக்கள் சந்தித்தால் 'நாம் சொந்தமா' என்று கேட்பதில் அர்த்தமில்லை. 'எஸ்போசித்தோ குலச்சின்னம்' என்று படச்சட்டத்தில் மாட்டி விற்கிறார்களே, அதை வாங்குபவர் காசைத் தண்டமாகக் கொடுக்கிறார். தொட்டிலில் கிடந்த பிள்ளைக்கு ஏது குலச்சின்னம்?

அந்த வாசல் நேப்பிள்ஸின் ஃபோர்செல்லா பகுதியில் இருக்கும் அன்னுன்சியாத்தா என்ற தேவாலயமும் அநாதை இல்லமும் சேர்ந்த வளாகம். சுவரில் ஒரு துளை. அதற்குள் செங்குத்தாக நின்று சுழலும் மர உருளை. உருளையின் ஒரு பக்கம் திறப்பு. வெளியே நின்று குழந்தையை வைத்து உருளையைத் திருப்பினால் குழந்தை உள்ளே போய்விடும். வைத்தவர் முகம் உள்ளிருப்பவருக்குத் தெரியாது. இதைத்தான் 'ரோத்தா', அதாவது சக்கரம் என்பார்கள். 1875-ல் இதை மூடினார்கள். இன்றும் அங்கே போனால் பார்க்கலாம். இப்படி வந்த பிள்ளைகளை ஊரார் 'மாதாவின் பிள்ளைகள்' என்றார்கள். கைக்குழந்தைகளைச் சுற்றுப்புறக் கிராமங்களில் பாலூட்டும் பெண்களிடம் ஒப்படைப்பது வழக்கம். பிழைத்தவர்களில் பலர் அங்கேயே வளர்ந்து, அங்கேயே கூலிவேலை செய்து, அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டார்கள். நகரத்து இல்லத்தின் பெயர் கம்பானியாவின் பட்டிதொட்டியெல்லாம் பரவியது இப்படித்தான்.

இதே வேலையை மற்ற நகரங்கள் வேறு பெயர்களால் செய்தன. ரோமில் புரோயெத்தி (எறியப்பட்டவர்), ஃபிளாரன்ஸில் இன்னொசெந்தி (குழந்தைகள் இல்லத்தின் பெயர், கட்டடத்தை 1419-ல் தொடங்கியவர் புரூனெல்லெஸ்கி, குழந்தைகள் வரத் தொடங்கியது 1445-ல்), மிலானில் கொலொம்போ (மருத்துவமனையின் புறா முத்திரையிலிருந்து வந்தது, நம் கொழும்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). கொலொம்போவுக்கு வேறு மூலங்களும் உண்டு. புறா வளர்த்தவருக்கும் அந்தப் பெயர் வரும். எஸ்போசித்தோவில் அந்தக் குழப்பம் கிடையாது.

தேடலைத் தொடங்குமுன் ஒரு ஆட்சி மாற்றத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 1808 முதல் 1815 வரை நேப்பிள்ஸை ஆண்ட, நெப்போலியன் நியமித்த மன்னர் மியூரா, பிறப்பைக் காட்டிக்கொடுக்கும் இத்தகைய பெயர்களை வைக்கக்கூடாது என்று தடுத்தார். அதன்பிறகு சக்கரத்தில் வந்த குழந்தைக்கு அதிகாரி ஏதாவது ஒரு பெயரைக் கற்பனையாக வைத்தார். இதனால் தேடுபவருக்கு இரண்டு விளைவுகள். 1840-ல் பிறந்த ஒரு எஸ்போசித்தோ பெரும்பாலும் தானே கண்டெடுக்கப்பட்ட குழந்தையாக இருக்கமாட்டார். அவருடைய அப்பாவோ தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோதான் அப்படி வந்திருப்பார். இன்னொன்று, பார்ப்பதற்குச் சாதாரணமாக இருக்கும் வேறொரு குடும்பப்பெயர் 1830-ல் ஏதோ ஒரு குமாஸ்தாவின் பேனாவிலிருந்து பிறந்திருக்கலாம்.

இனி வேலைக்கு வருவோம். முதலில் ஊர் வேண்டும். இத்தாலியில் பிறப்பு, இறப்பு, திருமணம் எல்லாம் 'கொமூனே' என்ற உள்ளாட்சி வாரியாகவே கிடக்கும். நாடு முழுவதற்கும் ஒரே அட்டவணை என்று எதுவும் இல்லை. அரிதான பெயராக இருந்தால் இணையத்தில் கிடைக்கும் குடும்பப்பெயர் வரைபடமே ஊரைக் காட்டிக் கொடுத்துவிடும். எஸ்போசித்தோவைப் போட்டால் கம்பானியா முழுக்கச் சிவப்பாகத் தெரியும்; ஒரு பயனும் இல்லை. புலம்பெயர்ந்தவர் என்றால் அமெரிக்கக் காகிதங்களைப் பிடிக்க வேண்டும். 1907-க்குப் பிந்தைய கப்பல் பட்டியல்களில் பிறந்த ஊருக்கும், ஊரில் விட்டுவந்த நெருங்கிய உறவினருக்கும் தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். குடியுரிமை விண்ணப்பமும் உதவும். 'நாப்போலி' (நேப்பிள்ஸின் இத்தாலியப் பெயர்) என்று மட்டும் எழுதியிருந்தால் நம்பிவிடக் கூடாது. அது மாகாணமாக இருக்கலாம், கப்பலேறிய துறைமுகமாகவும் இருக்கலாம். நியூயார்க்கின் குடியேற்றச் சோதனை நிலையமான எல்லிஸ் தீவில் அதிகாரி பெயரை மாற்றிவிட்டார் என்று குடும்பத்தில் ஒரு கதை ஓடும். அங்கே யாரும் புதிதாகப் பெயர் எழுதவில்லை. கப்பல் புறப்பட்ட இடத்தில் தயாரான பட்டியலை வைத்துத்தான் சரிபார்த்தார்கள். பெயர் மாறியது பெரும்பாலும் அதற்குப் பிறகு, வேலைக்குப் போன இடத்திலும் பள்ளிக்கூடத்திலும்.

ஊர் தெரிந்ததும் 'அந்தெனாத்தி' தளம். முன்னோர்கள் என்று பொருள். இத்தாலிய அரசு ஆவணக் காப்பகங்கள் தங்கள் பதிவேடுகளைப் படமெடுத்துப் போட்டிருக்கும் இடம், காசு கிடையாது. நேப்பிள்ஸ் ராச்சியத்தின் நிலப்பகுதியில் சிவில் பதிவு 1809-ல் தொடங்குகிறது, சிசிலியில் 1820-ல். தளத்தில் மூன்று அடுக்குகளாகப் பிரித்திருப்பார்கள்: 1815 வரை நெப்போலியன் காலம், 1816 முதல் 1865 வரை மீட்சிக் காலம் (நெப்போலியனுக்குப் பின் பழைய மன்னர்கள் திரும்பியதால் வந்த பெயர்), 1866 முதல் இத்தாலிய அரசு. நேப்பிள்ஸ் நகரம் என்றால் இன்னொரு படி கூடுதல்: பழைய 12 வட்டாரங்களுக்கும் தனித்தனிப் பதிவேடு. மெர்க்காத்தோ, விக்காரியா, ஸ்தெல்லா, சான் லொரென்சோ என்று எது என்று தெரியாவிட்டால் ஒரே ஆண்டுக்குப் பன்னிரண்டு புத்தகம் புரட்ட வேண்டும். திருமணம் பெரும்பாலும் பெண் வீட்டு வட்டாரத்தில் நடக்கும். அதனால் மணமகள் இருந்த வட்டாரத்தில் தொடங்குவது லாபம்.

ஒவ்வொரு ஆண்டுப் புத்தகத்தின் கடைசியிலும் பெயர் அகரவரிசை இருக்கும். குடும்பப்பெயரில் போய்த் தேடி, இல்லை என்று மூடிவிடாதீர்கள். பல பழைய பதிவேடுகளில் அகரவரிசை முதற்பெயரில் ஓடும். ஜென்னாரோ எஸ்போசித்தோ 'ஜி'யில் உட்கார்ந்திருப்பார். அதுவும் நகரின் காவல் புனிதர் ஜென்னாரோ என்பதால் நேப்பிள்ஸில் அந்த வரிசை மட்டும் பக்கக்கணக்கில் நீளும்.

பதிவைத் திறந்தால், 1816 முதல் 1865 வரையிலான பிறப்புப் பக்கம் இரண்டு பத்திகளாக இருக்கும். இடப்பக்கம் அரசுப் பதிவு, வலப்பக்கம் எந்தக் கோவிலில் என்றைக்கு ஞானஸ்நானம் என்ற பாதிரியாரின் உறுதி. பாதி அச்சு, பாதி கையெழுத்து. ஆண்டும் தேதியும் எண்ணில் இராது, எழுத்தில் நீட்டி எழுதியிருக்கும். இத்தாலிய எண்ணுப்பெயர்களை நூறு வரை மனப்பாடம் செய்துவிட்டு உட்காருவது நல்லது. மாதச் சுருக்கத்தில் ஒரு பொறி இருக்கிறது: '7' போட்டு 'ப்ரே' என்று எழுதியிருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர். எட்டு அக்டோபர், ஒன்பது நவம்பர், ரோமானிய எக்ஸ் டிசம்பர். லத்தீனில் செப்தெம் என்றால் ஏழு, அந்தக் கணக்கு.

பெயருக்குப் பின்னால் வரும் குட்டிச் சொல்லைக் கவனிக்க வேண்டும். 'தி கயேத்தானோ' என்றால் கயேத்தானோவின் மகன், அப்பா உயிரோடிருக்கிறார். 'ஃபு கயேத்தானோ' என்றால் அப்பா காலமாகிவிட்டார். நம் இனிஷியல் செய்கிற வேலையையே இது செய்கிறது, கூடவே அப்பா இருக்கிறாரா இல்லையா என்பதையும் சொல்லிவிடுகிறது. 1838 பதிவில் 'தி', 1841 பதிவில் 'ஃபு' என்றால் இடைப்பட்ட மூன்றாண்டு இறப்புப் புத்தகத்தில் அவரைப் பிடித்துவிடலாம். பெண்கள் எல்லாப் பதிவிலும் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் வருவார்கள். எஸ்போசித்தோ தேடலில் அதுதான் பெரிய பிடிமானம். ஒரே தெருவில் மூன்று ஜென்னாரோ எஸ்போசித்தோக்கள் இருந்தாலும் மூவர் மனைவிக்கும் ஒரே பெயர் இராது.

மூன்று ஜென்னாரோ எப்படி வந்தார்கள் என்றால், மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர் வைப்பது அங்கே வழக்கம். நான்கு அண்ணன் தம்பிகள் என்றால் ஒரே பெயரில் நான்கு பேரப்பிள்ளைகள், ஏறக்குறைய ஒரே வயதில். இதைவிட மோசமானது: குழந்தை இறந்துபோனால் அடுத்த குழந்தைக்கும் அதே பெயர். 1832-ல் ஒரு ஜென்னாரோ கிடைத்ததும் மகிழ்ந்து நிறுத்திவிட்டால், அவர் ஒன்றரை வயதில் இறந்த அண்ணனாக இருக்கலாம். உங்களுக்கு வேண்டியவர் 1835-ல் பிறந்தவர். பிறப்பு கிடைத்த பின் அடுத்த ஐந்தாண்டு இறப்புப் புத்தகத்தையும் பார்த்த பிறகே பெயரை உறுதி செய்ய வேண்டும்.

இத்தனையிலும் தங்கச் சுரங்கம் திருமண இணைப்புக் கோப்புதான். 'புரோசெஸ்ஸெத்தி' அல்லது 'அல்லெகாத்தி' என்ற தலைப்பில் இருக்கும். புதிதாக வருபவர்கள் திருமணப் பதிவை மட்டும் பார்த்துவிட்டு இதைத் திறக்காமலே போய்விடுகிறார்கள். கல்யாணத்துக்கு அப்பாவின் சம்மதம் வேண்டும். அப்பா இல்லையென்றால் அவர் இறந்த சான்று வேண்டும், சம்மதம் தாத்தாவிடம் போகும். தாத்தாவும் இல்லையென்றால் அவருடைய இறப்புச் சான்றும் கோப்பில் ஏறும். ஆக 1825 கல்யாணம் ஒன்றின் கோப்பில் மணமக்கள் இருவரின் பிறப்பு அல்லது ஞானஸ்நானச் சான்று, செத்துப்போன அப்பா, செத்துப்போன தாத்தா என்று மூன்று தலைமுறை ஒரே கட்டாகக் கிடைக்கும். சிவில் பதிவே இல்லாத 18-ஆம் நூற்றாண்டுக்குள் தேவாலயம் தேவாலயமாக அலையாமல் நுழைய இதுவே வழி. மணமகனே சக்கரத்தில் வந்தவர் என்றால், தாத்தாவின் காகிதம் இருக்க வேண்டிய இடத்தில் அவரை வளர்த்த இல்லத்தின் சான்று இருக்கும். அந்தக் காகிதத்தைக் கண்டால் சுவர் வந்துவிட்டது, அதாவது பெற்றோரைத் தேடி அதற்கு மேலே போக முடியாது என்று பொருள்.

சுவர் இல்லாத இடத்தில் சுவர் இருப்பதாக நினைத்துத் திரும்பிவிடுவதும் நடக்கும். 'பெற்றோர் தெரியாதவர்கள்', 'புரோயெத்தோ', என். என். (பெயர் தெரியாது என்பதன் லத்தீன் சுருக்கம்) என்று இருந்தால் அது உண்மையான சுவர். ஆனால் 1866-க்குப் பிறகு அரசுத் திருமணம் தனியாகக் கட்டாயமானது. கோவிலில் மட்டும் தாலி கட்டியவர்கள் மாதிரி, பாதிரியார் முன் மட்டும் மணந்த தம்பதிகளை அரசு தம்பதியாக ஏற்கவில்லை. அப்பா வந்து பிள்ளையைப் பதிவு செய்கிறார். அம்மா இருக்கும் கட்டத்தில் 'மணமாகாத, பெயர் சொல்ல விரும்பாத பெண்' என்று எழுதிவிடுகிறார்கள். அந்தப் பிள்ளை கைவிடப்பட்டதல்ல. பக்க ஓரக் குறிப்பிலோ பெற்றோரின் பிற்காலத் திருமணப் பதிவிலோ அம்மாவின் பெயர் வந்துவிடும்.

சான்றொப்பம் போட்ட நகல் வேண்டுமென்றால் கொமூனேயின் சிவில் பதிவு அலுவலகத்துக்கு எழுத வேண்டும், இத்தாலிய மொழியில், ஒரு கடிதத்துக்கு ஒரு பதிவு மட்டும். பெயர், பெற்றோர், ஆண்டு, பதிவு எண். எண்ணில்லாமல் 'எங்கள் குடும்பத்தைப் பற்றி' என்று எழுதினால் பதில் வராது. 2025 முதல், நூறாண்டு தாண்டிய பதிவுக்குக் கொமூனேக்கள் 300 யூரோ வரை கட்டணம் வைக்கலாம். அந்தெனாத்தியில் எண்ணைக் கண்டுபிடித்துக்கொண்டு போவதற்கு இது இன்னொரு காரணம். குடியுரிமைக்காகத் தேடுபவர்கள் காசைப் போடுமுன் அதே ஆண்டு வந்த சட்டத்தைப் படிக்க வேண்டும். கொள்ளுத்தாத்தாவைக் காட்டிக் கடவுச்சீட்டு வாங்கிய காலம் முடிந்துவிட்டது.

சுவர் வந்தபின் மிச்சம் இருப்பது அன்னுன்சியாத்தாவின் சக்கரப் பதிவேடு. அதில் அப்பா அம்மா பெயரை எதிர்பார்த்துப் போகக்கூடாது. எந்த நாள், எந்த நேரத்தில் வந்தது, பார்த்தால் என்ன வயது, எந்தத் துணியில் சுற்றியிருந்தது, கூடவே ஏதாவது அடையாளம் இருந்ததா, எந்தப் பாலூட்டும் பெண்ணிடம் போனது: இவைதான் கிடைக்கும். என்றாவது திரும்பி வந்து கேட்க நினைத்த தாய், நாணயத்தையோ பதக்கத்தையோ இரண்டாக வெட்டிப் பாதியைக் குழந்தையோடு வைத்துவிட்டு மறுபாதியைத் தன்னிடம் வைத்துக்கொள்வது இத்தாலியச் சக்கரங்களில் பழக்கம். அப்படி அனுப்பிய பாதிகளை ஃபிளாரன்ஸ் இன்னொசெந்தி அருங்காட்சியகத்தில் இன்றும் வைத்திருக்கிறார்கள்.

அதற்கு அப்பால் காகிதம் இல்லை, மரபணுச் சோதனைதான். ஆண்வழிச் சோதனையில் எஸ்போசித்தோ என்ற பெயரே வராமல் முற்றிலும் வேறொரு குடும்பப்பெயர்க்காரர்களோடு பொருத்தம் வந்தால், ஆய்வகம் மாதிரியை மாற்றிவிட்டது என்று சண்டைக்குப் போக வேண்டாம். முதல் எஸ்போசித்தோவின் அப்பா எஸ்போசித்தோ அல்ல.