பாட்டி கேட்ட கேள்வி

“உடனே கழுவியிருந்தால் பிள்ளையின் கண் தப்பியிருக்குமா, சிஸ்டர்?”

“இப்போது அதையெல்லாம் நினைக்காதீர்கள் பாட்டி, சிகிச்சைதான் நடக்கிறதே” என்றேன். அது பதிலே இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலத்தைப் பேரன் அழுத்த, அது வெடித்துக் கண்ணில் தெறித்துவிட்டது. தண்ணீரே காட்டாமல் கண்ணைப் பொத்தியபடி பஸ் ஏறி வந்திருக்கிறார்கள். மரப்புச் சொட்டு விட்டு, பாட்டில் பாட்டிலாக சலைன் ஊற்றினோம். கழுவிவிட்டுப் பார்த்தால் சிவப்பு லிட்மஸ் தாள் மீண்டும் நீலமாகிறது; சுண்ணாம்பு இன்னும் கண்ணில் இருக்கிறது என்று அர்த்தம். டாக்டர் மேல் இமையை இரண்டு மடிப்பாகப் புரட்டியபோதுதான், உள்ளே குருணை அளவில் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது தெரிந்தது. அதைப் பஞ்சுக் குச்சியால் எடுத்து மறுபடி கழுவிய பிறகே நீலம் அடங்கியது. கருவிழி அதற்குள் வெளுத்திருந்தது. அமிலம் பட்டால் மேலே உள்ள புரதம் உறைந்து ஓரளவு தடுத்துவிடும். சுண்ணாம்பு போன்ற காரமோ (alkali) கொழுப்பைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். முதல் நிமிடங்களில் ஊற்றும் குழாய்த் தண்ணீருக்கு, பின்னால் நாங்கள் விடும் எந்த மருந்தும் ஈடாகாது.

“சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கொதிக்குமே” என்றார் பாட்டி. சுண்ணாம்புக் காளவாயில் வேலை பார்த்தவர். சுட்ட கல்லில் நீர் ஊற்றினால் கொதிப்பதைக் கண்ணால் கண்டவர். வெற்றிலைச் சுண்ணாம்பு ஏற்கெனவே நீர் ஊற்றிக் கொதித்து அடங்கியது, மறுபடி கொதிக்காது. இதை அறியாமை என்று எப்படிச் சொல்வது? தெரிந்த விஷயம்தான் அவர் கையைக் கட்டிப்போட்டது.

மருமகள் கட்டில் அருகே நின்றிருந்தாள். நான் “ஆமாம்” என்றிருந்தால் அந்த வீட்டில் பாட்டிக்கு அதன்பின் என்ன மரியாதை மிஞ்சியிருக்கும்? கழுவியிருந்தால் முழுப் பார்வையும் நின்றிருக்கும் என்று யாராலும் உறுதி சொல்லவும் முடியாது. அந்த நேரத்தில் அந்தப் பதில்தான் சரி என்று இன்றும் வாதாடுவேன்.

ஆனால் அந்த வீட்டில் தவழும் குழந்தை ஒன்றும் இருக்கிறது. வீட்டுக்கு அனுப்பும்போது, எது தெறித்தாலும் இமையை விரித்துப் பிடித்து அரை மணி நேரமாவது தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று மருமகளிடம் தனியாகச் சொன்னேன். பகலெல்லாம் பிள்ளைகளோடு இருப்பவர் பாட்டிதான். அவருக்குத்தான் அது தெரிந்திருக்க வேண்டும். அவர் மனம் நோகக் கூடாது என்று விலக்கினேனா, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லையா?

மறுபரிசோதனைக்குப் பாட்டி வரவில்லை. “அத்தை வெற்றிலை போடுவதையே விட்டுவிட்டார்” என்றாள் மருமகள். நான் சொன்னதை அவரிடம் எப்படிச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.