அலாஸ்காவின் நார்த் போல்: அரை நாள் போதும்

பெயரை நம்பி வருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நிஜ வட துருவம் இங்கிருந்து இன்னும் சுமார் 2,800 கி.மீ. வடக்கே. இந்த ஊர் ஃபேர்பேங்க்ஸ் நகரிலிருந்து தென்கிழக்கே ரிச்சர்ட்சன் நெடுஞ்சாலையில் 22 கி.மீ. சாண்டா கிளாஸ் (கிறிஸ்துமஸ் தாத்தா) வட துருவத்தில் பொம்மை செய்கிறார் என்பது கதை; அதனால் பெயரைப் பார்த்துப் பொம்மைத் தொழிற்சாலை வரும் என்பது மனை போட்டவர்களின் கணக்கு. தொழிற்சாலை வரவில்லை; 1953-ல் நகராட்சி ஆனபோது பெயர் நிலைத்துவிட்டது.

விளக்குக் கம்பங்களில் மிட்டாய்க் குச்சியின் சிவப்பு, வெள்ளைப் பட்டை. தெருக்களுக்கு சாண்டா கிளாஸ் லேன், ஸ்னோமேன் லேன் என்று பெயர். ஆண்டு முழுக்க இப்படித்தான். மற்றபடி இது பெட்ரோல் பங்கும் துரித உணவுக் கடைகளும் உள்ள சாதாரண நெடுஞ்சாலை ஊர். பார்க்க வேண்டியது 1952-ல் தொடங்கிய சாண்டா கிளாஸ் ஹவுஸ் கடை, வாசலில் 42 அடி ஃபைபர்கிளாஸ் சாண்டா, பக்கத்திலேயே ரெயின்டீர்கள். கடை நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஜூனில் இரவே இருட்டாது, அலங்கார விளக்குகள் எடுபடாது. டிசம்பர் கடைசியில் பகல் நான்கு மணி நேரம்கூட இல்லை, குளிர் மைனஸ் 40 வரை போகும் (அந்த ஒரு புள்ளியில் செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் ஒன்றுதான்). என் ஓட்டு மார்ச்சுக்கு: பனி இருக்கும், பகல் பன்னிரண்டு மணி நேரம், இரவில் வானம் தெளிந்தால் துருவ ஒளிக்கும் வாய்ப்பு.

குளிர்காலத்தில் வாடகைக் கார் எடுத்தால் பிளாக் ஹீட்டர் (எஞ்சினைச் சூடாக வைக்கும் மின் கருவி) இருக்கிறதா என்று கேளுங்கள். முன்பக்கம் தொங்கும் அந்த ஒயரைக் கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே பிளக்கில் செருக வேண்டும். இல்லாவிட்டால் ஆயில் கெட்டியாகி எஞ்சின் சுற்ற மறுக்கும். போன் பேட்டரியும் திடீரென்று படுத்துவிடும், உள்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கேமராவைக் கடைக்குள் கொண்டுபோகுமுன், வெளியிலேயே ஜிப் பையில் போட்டு மூடுங்கள். இல்லையென்றால் சூடான காற்றின் ஈரம் லென்ஸில் படிந்து அரை மணி நேரம் போய்விடும்.

‘நார்த் போல்’ அஞ்சல் முத்திரை வேண்டுமா? அதற்கு இவ்வளவு தூரம் வரவே வேண்டாம். முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய வாழ்த்து அட்டைகளைப் பெரிய உறையில் போட்டு, டிசம்பர் தொடக்கத்துக்குள் ஆங்கரேஜ் அஞ்சலகத்துக்கு அனுப்பினால் முத்திரை குத்தி அனுப்புவார்கள். உள்ளே இருக்கும் அட்டைகளில் அமெரிக்கத் தபால்தலைதான் செல்லும்; நம் ஊர் தபால்தலையை ஒட்டிப் பயனில்லை.