கதிர்ச் சிகிச்சைக்கு முன் பல் கிளினிக் கடிதம்

என் கணவருக்கு வாய்ப் புற்றுநோய். ஒப்பரேசன் முடிந்து கதிர்ச் சிகிச்சைக்குப் பதிய, களுவாஞ்சிகுடியில் இருந்து இருட்டோடு பஸ் ஏறிப் போனோம். கவுண்டரில் இருந்தவர் கோப்பைப் புரட்டிவிட்டு, "பல் கிளினிக் கடிதம் எங்க?" என்றார். அப்படி ஒன்று வேண்டும் என்று அதுவரை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. "அது இல்லாம ஒண்டும் செய்ய ஏலாது. அடுத்த ஆள் வாங்க." அவ்வளவுதான். தையல் போட்ட வாயோடு பேச முடியாமல் நின்ற மனிதரை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

வெளியே ஒரு நேர்ஸ்தான் காரணத்தைச் சொன்னார். கதிர் பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் காயம் ஆறாமல் எலும்பே பழுதாகலாம். அதனால் கெட்ட பல்லை முன்பே பிடுங்கி, காயம் ஆற இரண்டு மூன்று வாரமாவது விட்டுத்தான் தொடங்குவார்களாம். ஆகவே வாய்ப் புற்றுநோய் என்று ரிப்போட் வந்ததும் பல் கிளினிக்குக்கு எப்போது போகவேண்டும் என்று நீங்களே கேளுங்கள். நாங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாமல் நாட்களை இழந்தோம்.

பிறகு ஸ்கேன், கதிர் கொடுக்கும்போது தலை அசையாமல் இருக்க முகத்துக்கு அளவெடுத்துச் செய்யும் மாஸ்க் எல்லாம் சிக்கல் இல்லாமல் முடிந்தது.

வாய்க்கு இந்தச் சிகிச்சை வழமையாக வாரம் ஐந்து நாள், ஆறு ஏழு வாரம் போகும். தொடக்கத்தில் ஒன்றும் தெரியாது. பிறகு வாய் முழுக்கப் புண். இவர் சாப்பாட்டைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். நான் கெஞ்சுவேன், கோபப்படுவேன், இரண்டு பேரும் முகம் கொடுக்காமல் இருப்போம். மெலிந்தால் மாஸ்க் தளர்ந்து திரும்பச் செய்யவேண்டி வரும் என்று டொக்டர் சொன்னதும் எனக்குப் பயம் பிடித்துவிட்டது. கடைசியில் ஒரு கொப்பியை அவர் கையில் கொடுத்தேன். "கஞ்சி சுடுது", "இப்ப வேண்டாம், அரை மணித்தியாலத்தால தா" என்று எழுதத் தொடங்கினார். அதோடு சண்டை பாதியாகக் குறைந்தது. நோவு மருந்தைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்பே கொடுக்கலாமா என்று டொக்டரிடம் கேட்டு அப்படியே செய்தோம். ஆறிய பாற்கஞ்சியும் அவித்து மசித்த முட்டையும் இறங்கின. மாஸ்க் கடைசிவரை மாற்றவேண்டி வரவில்லை!

வெற்றிலை வட்டாவை வீட்டில் இருந்து எடுத்துவிட்டேன். நானும் போடுகிறவள்தான், அவரோடு சேர்ந்து நிறுத்தினேன். பார்க்க வந்த சொந்தக்காரர் "புகையிலைதானே கூடாது, வெறும் பாக்கு என்ன செய்யும்" என்றார்கள். புகையிலை இல்லாமலே பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ஆம் ஆண்டு அறிக்கையிலேயே எழுதிவிட்டது.

"அவருக்குச் சொல்லாதே, மனம் உடைஞ்சு போயிடும்" என்றவர்களும் இருந்தார்கள். வாட்டில் ஒருவர் என்னை வெளியே கூப்பிட்டுப் பேசவும் பார்த்தார். "அவரோட வாய், அவருக்கு முன்னால சொல்லுங்க" என்றேன். அன்றிரவு கொப்பியில் "நல்லது" என்று எழுதியிருந்தார்.

இப்போது சோறு குழைத்துச் சாப்பிடுகிறார். வாய் காய்கிறது, தண்ணீர்ப் போத்தல் கையில் இருந்து இறங்குவதில்லை. சிகிச்சை முடிந்தவர்கள் இனி எந்தப் பல் வைத்தியரிடம் போனாலும், கதிர் எடுத்த தாடை என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் பிடுங்க விடவேண்டாம்.