கோடு இழுக்கப்பட்ட கட்டம்

இன்று மதியம் மருத்துவக் காப்பீட்டுப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்த நண்பரின் பேனா, 'கணவர் / மனைவி பெயர்' என்ற கட்டத்தின் மேல் வெகுநேரம் நின்றது.

பிறகு அதில் ஒரு கோடு இழுத்துவிட்டு, கீழே அம்மாவின் பெயரை எழுதினார்.

ஒன்பது ஆண்டுகளாகத் தன் இணையரோடு வாழ்பவர் அவர். (அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.) முன்பு வேலை பார்த்த நிறுவனத்தில், அவர் இன்னோர் ஆணை நேசிக்கிறார் என்பது தெரியவந்த மறுமாதமே, அதுவரை எல்லோரும் பாராட்டிய அவருடைய வேலை திடீரென்று 'திருப்தியில்லை' என்றாகி, ராஜினாமா கடிதமும் எழுதி வாங்கப்பட்டது.

காரணம் எந்தத் தாளிலும் இல்லை.

2018 செப்டம்பர் 6 அன்று, ஒரே பாலினத்தைச் சேர்ந்த வயதுவந்தோர் மனமொத்து உறவுகொள்வது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது நாங்கள் இருவரும் அழுதோம். ஆனால் வேலையில் பாகுபாட்டைத் தடுக்கும் அரசமைப்பின் 16ஆம் பிரிவு அரசுப் பணிக்கானது. தனியார் நிறுவனத்தை அது கட்டுப்படுத்தாது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் திருநர்களுக்குத் தனியார் பணியிடத்திலும் பாகுபாடு கூடாது என்கிறது. மிகவும் தேவையான சட்டம் அது. தன்பால் ஈர்ப்புள்ள ஊழியருக்கு அப்படியொரு வரிகூட இன்னும் எழுதப்படவில்லை.

படிவத்தை வாங்கிக்கொண்ட மனிதவளத் துறை அலுவலர், "கல்யாணம் எப்போது சார்?" என்று அன்போடுதான் கேட்டார்.

நண்பர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.