இது ஆருக்கு வச்சிருக்கிற?

“மிஸ், இஞ்ச இருந்து வாசிக்கவும் ஏலாது, வீட்ட கொண்டு போகவும் ஏலாது. அப்ப இது ஆருக்கு வச்சிருக்கிற?”

2021 ஜூலையில் ஒரு பிள்ளை என்னிடம் இப்படிக் கேட்டாள். கோபத்தில் கேட்டிருந்தால் நானும் கடுமையாக ஏதாவது சொல்லிவிட்டு அந்த நாளை மறந்திருப்பேன். முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த அந்தக் கண்களில் கோபம் இருக்கவில்லை. விளங்காத ஒன்றை விளங்கிக்கொள்ளத்தான் கேட்டாள். எனக்கும் அது விளங்கியிருக்கவில்லை என்பது கேள்வி வந்த பிறகுதான் தெரிந்தது.

அந்த மாதங்கள் எப்படியிருந்தன என்று எல்லோருக்கும் தெரியும். மே 21இல் போட்ட பயணத்தடை ஜூன் 21இல் தளர்ந்தது. ஓகஸ்ட் 20இல் மறுபடி ஊரடங்கு. நடுவில் கிடைத்த இடைவெளியில் நூலகத்தைத் திறந்தோம். இரவல் மட்டும். வாசிப்பறை பூட்டு, பத்திரிகை மேசை இல்லை, சிறுவர் பகுதிக்குக் குறுக்கே கயிறு. வாசலில் மேசையைப் போட்டு, வருகிறவர்களின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதி, அவர்கள் கேட்கிற புத்தகத்தை நானே உள்ளே போய் எடுத்துவந்து கொடுப்பேன். திரும்பி வரும் புத்தகங்களைப் பெட்டியில் போட்டுத் திகதி எழுதி மூன்று நாள் ஒதுக்கி வைப்போம்.

அவள் கேட்டது உயர்தரப் புவியியல் கடந்தகால வினாத்தாள் தொகுப்பு. பத்து வருட வினாத்தாள்களையும் புள்ளியிடும் திட்டங்களையும் சேர்த்து நாங்களே தடித்த மட்டை போட்டுக் கட்டி வைத்தது. கடையில் வாங்க முடியாது. அது உசாத்துணைப் பகுதிக்குரியது, வெளியே போகாது. வழமையான காலத்தில் இது நியாயமான விதிதான். இருக்கிற ஒரு பிரதியை ஒருவர் கொண்டு போய்விட்டால் மற்றப் பிள்ளைகள் எதைப் பார்ப்பார்கள்? ஆனால் வாசிப்பறையைப் பூட்டிய நாளிலிருந்து உசாத்துணைப் பகுதி முழுவதுமே ஒருவருக்கும் உதவாமல் போய்விட்டது. வெளியே கொடுக்கக்கூடாது என்பதும் சரி, உள்ளே இருக்க விடக்கூடாது என்பதும் சரி. இரண்டும் சேர்ந்து ஒரு பிள்ளையின் தலையில் விழும்போது என்ன ஆகிறது என்று நான் அதுவரை யோசித்ததில்லை. ஒரு மாதமாக அந்த அலுமாரிகளைத் தூசு தட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

அவளுடைய கேள்விக்கு முன்னால் நான் சொன்ன பதில்தான் இன்றுவரை உறுத்துகிறது.

“கொரோனா மகள். இத வெளியில குடுக்க ஏலாது.”

அந்த நேரம் எங்கள் வழமையான வாசகர் ஒருவர், ஓய்வுபெற்ற அதிபர், கையில் பையோடு படியிறங்கிக்கொண்டிருந்தார். பைக்குள் ஐந்து நாவல்கள். அவள் அவரையும் பார்த்து என்னையும் பார்த்தாள்.

“அப்ப அந்த சேர் கொண்டு போறதில ஒட்டாதா மிஸ்?”

“அது இரவல் புத்தகம். இது உசாத்துணை.”

அதன் பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. “வாசிப்பறை துறந்தவுடன வாங்க மகள்” என்றேன். சரி மிஸ் என்று சொல்லிவிட்டுப் போனாள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையிலிருந்து, பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவையில் ஏறி வாவியைக் கடந்து வந்தவள். அவளுடைய மாமி எங்கள் பக்கம் இருந்ததால் அந்த முகவரியில் அங்கத்துவம் எடுத்திருந்தாள். பள்ளிக்கூடம் இல்லை. ஜூலை 12இலிருந்து ஆசிரியர்கள் சம்பள முரண்பாட்டுக்காக இணையவழிக் கற்பித்தலிலிருந்தும் விலகியிருந்தார்கள். பக்கங்களைப் படமெடுத்து அனுப்பட்டுமா என்று இடையில் கேட்டேன், அதையும் சொல்லவேண்டும். வீட்டில் பட்டன் போன்தான் மிஸ் என்றாள். அதோடு என் முயற்சி முடிந்தது.

கொரோனாவால் கொடுக்க முடியாது என்று சொன்னது பொய். அந்தப் பிள்ளை அதை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்தாள். ஒரே பசை, ஒரே தாள், ஒரே பிளாஸ்டிக் உறை. நாவலில் ஒட்டாத வைரஸ் வினாத்தாளில் எப்படி ஒட்டும்?

பிறகு நான் இதைப் பற்றி நிறையத் தேடி வாசித்தேன். எனக்குச் சாதகமாக ஏதாவது அகப்படும் என்று நினைத்தேன்போல. 2020 மார்ச்சில் வந்த ஆய்வு, காட்போட்டில் 24 மணித்தியாலத்துக்குப் பிறகு உயிர்ப்புள்ள வைரஸ் இல்லை, பிளாஸ்டிக்கில் 72 மணித்தியாலம் வரை இருக்கும் என்றது. அமெரிக்காவில் ஓ.சி.எல்.சி. என்ற நூலக அமைப்பும் பட்டெல் ஆய்வுகூடமும் சேர்ந்து நூலகப் பொருட்களையே எடுத்துச் சோதித்தார்கள். அந்த வருடம் ஜூனில் வந்த முதல் முடிவில், புத்தக மட்டையிலும் மூடிய புத்தகத்தின் உள்தாளிலும் மூன்று நாளுக்குப் பிறகு வைரஸ் தென்படவில்லை. பின்னர் பொருட்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சோதித்தபோது ஆறு நாள் கழித்தும் தென்பட்டது. நாங்கள் பெட்டிக்குள் அடுக்கித்தான் வைத்திருந்தோம். அப்படிப் பார்த்தால் எங்கள் மூன்று நாள் கணக்கும் அரைகுறைதான். அது போதாதென்று முதல் வருடம் புத்தகங்களைப் பின்வளவில் பாய் விரித்து வெயிலில் காயப்போட்டோம். வைரஸ் போனதோ இல்லையோ, மட்டைகள் வளைந்து பசை வெடித்துத் தாள்கள் கழன்றன. காகிதத்துக்கு வெயில் ஆகாது என்று நூலகப் பயிற்சியிலேயே படித்தவள் நான். அன்றைக்கு இருந்த பயத்தில் படித்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், மாசுபட்ட பரப்பொன்றைத் தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு தொடுகை ஒன்றுக்குப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று சொல்லிவிட்டது. அது 2021 ஏப்ரலில். நான் அவளுக்குக் கொரோனா என்று சொன்ன நாளுக்கு மூன்று மாதம் முந்தி.

ஆனால் இந்த ஆய்வுகளைப் பற்றி எழுதும்போதே தெரிகிறது, நான் விலகிப் போகிறேன். அந்த ஆய்வெல்லாம் தெரிந்திருந்தாலும் அன்றைக்குக் கொடுத்திருக்க மாட்டேன். காரணம் வேறு.

சில வருடங்களுக்கு முன் புத்தகக் கணக்கெடுப்பில் ஓர் உசாத்துணை நூல் குறைந்தது. யார் எடுத்தார் என்று தெரியாது. பகுதிக்குப் பொறுப்பு நான். மூன்று மாதம் என் சம்பளத்தில் கழித்தார்கள். பணத்தைவிட, கணக்காய்வுக்கு வந்தவர் பதிவேட்டின் அந்த வரியில் பேனையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து உசாத்துணைப் புத்தகம் எதையாவது யாராவது கையில் எடுத்தாலே என் கண் கூடவே போகும். அந்தப் பயம்தான் “கொரோனா மகள்” என்று பேசியது. தொற்றுக் காலத்தில் அந்த ஒரு சொல்லைச் சொன்னால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள். எல்லா அலுவலகங்களிலும் எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். நானும் சொல்லப் பழகிவிட்டேன்.

இதற்கு நியாயம் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. ஓகஸ்டில் மறுபடி பூட்டினோம். அவள் அதைக் கொண்டு போயிருந்தால் ஒக்டோபர் 1 வரை அது அக்கரையில் இருந்திருக்கும். திரும்பி வந்திருக்குமா? வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நினைப்பதை வைத்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட முடியாது. இன்னொரு பிள்ளை கேட்டால் என்ன சொல்வது? விதியை ஒருவருக்குத் தளர்த்தினால் அடுத்தவருக்கு எப்படி மறுப்பது?

இப்படி நியாயம் சொல்லிக்கொண்டு போகும்போது அந்த ஐந்து நாவல்கள் முன்னால் வந்து நிற்கும். ஒரு வாசகர் அட்டைக்கு இரண்டு புத்தகம்தான். எந்த நேரமும் ஊரடங்கு வரலாம், சேர் தனியாக இருக்கிறவர், வாசிக்க வேண்டாமா என்று நானே மற்ற மூன்றையும் என் அட்டையில் எழுதிக் கொடுத்தேன். அதை நல்ல காரியம் என்று நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன். ஆக, விதியைத் தளர்த்த எனக்குத் தெரிந்திருக்கிறது. துணிவும் இருந்திருக்கிறது. அவளுக்கு முன்னால் மட்டும்தான் அது இல்லாமல் போனது.

அவள் எங்கள் ஊர்ப் பிள்ளையாக, எனக்குத் தெரிந்த ஒரு ஆசிரியரின் மகளாக இருந்திருந்தால்? ஒரு துண்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு இரண்டு நாளைக்குக் கொடுத்திருப்பேன். இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் இருக்கிற எங்களுக்கு, பாதையில் வருகிற பிள்ளை என்றால் மனதில் ஓர் இடைவெளி இருக்கிறது. வாயால் சொல்லமாட்டோம். புத்தகம் திரும்பி வருமா என்று யோசிக்கும்போது மட்டும் அது வந்துவிடும். வாவியைக் கடந்து, பாதைக்குக் காத்து நின்று, பொலிஸ் மறித்தால் என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டு வந்த பிள்ளைதான் புத்தகத்தை யாரையும்விடப் பத்திரமாக வைத்திருப்பாள் என்று ஏன் எனக்குத் தோன்றவில்லை?

அன்றிரவு படுக்கையில் ஒன்று தோன்றியது. எங்கள் நூலகத்துக்கு முன்னால் நீளமான விறாந்தை. மூன்று பக்கமும் காற்று. அதில் ஒரு கதிரையைப் போட்டு, “இதில இருந்து எழுதிக்கொண்டு போங்க மகள்” என்று சொல்லியிருக்கலாம். யாரையும் உள்ளே இருத்தக்கூடாது என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். விறாந்தையைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. புத்தகமும் வெளியே போயிருக்காது, பிள்ளையும் வெறுங்கையோடு போயிருக்கமாட்டாள். அடுத்த நாள் காலையில் ஒரு கதிரையைக் கொண்டுபோய் விறாந்தையில் வைத்தேன். மாமி வீட்டு முகவரி அட்டையில் இருந்தது. போய்ச் சொல்லலாம் என்று இரண்டு மூன்று தடவை நினைத்தேன். வேலை முடிந்து போகிற வழியில்தான் அந்த வீடு. போகவில்லை. ஊரடங்கு வந்தபோது கதிரையை உள்ளே எடுத்து வைத்தோம்.

பரீட்சை தள்ளித் தள்ளி 2022 பெப்ரவரி 7இல் தொடங்கியது. அதற்குள் அவளுக்கு வேறெங்காவது வினாத்தாள்கள் கிடைத்திருக்கும் என்று நினைத்து ஆறுதல்பட்டேன். கிடைத்திருக்கலாம்.

இனி இப்படி நடந்துகொள்ளமாட்டேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்த மாதமே அது சோதனைக்கு வந்தது. மின்வெட்டுக் காலம். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லை. வாசிப்பறை இருட்டு, பின்னேரம் நேரத்தோடு பூட்டுவோம். மே 23இல் சாதாரண தரப் பரீட்சை. ஒரு பையன் விஞ்ஞான வினாத்தாள் தொகுப்பைக் காட்டி, இரவைக்கு மட்டும் வீட்ட கொண்டு போகட்டா மிஸ், விளக்கில பார்த்திட்டுக் காலம வந்து தாறன் என்றான்.

இந்தத் தடவை நான் பொய் சொல்லவில்லை. “தம்பி, இது உசாத்துணை. துலைஞ்சா என்ர சம்பளத்தில வெட்டுவாங்க. எனக்குப் பயம்” என்றேன். அவன் தலையாட்டினான். ஓம் மிஸ், பரவாயில்ல என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் போன பிறகு மனது லேசாக இருந்தது. உண்மையான காரணத்தைச் சொன்னேன், பிள்ளைக்கும் விளங்கியது. வீட்டுக்குப் போய் இருட்டில் மெழுகுதிரி ஏற்றும்போதுதான் யோசித்தேன். அந்தப் பையனிடமும் புத்தகம் இல்லை. ஒன்பது மாதமாக மனதைப் போட்டு உழப்பி நான் திருத்தியது அந்த ஒரு வசனத்தைத்தானா? இல்லை, உண்மையைச் சொல்வதும் ஒரு மரியாதைதானே, அந்தப் பிள்ளைக்கு நான் கொடுக்காத மரியாதையை இவனுக்குக் கொடுத்தேனே என்றும் தோன்றுகிறது. எந்த நேரம் எந்தப் பக்கம் சாய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. இரவில் ஒரு மாதிரி, வேலைக்குப் போய் அந்தப் பதிவேட்டைத் திறந்தால் வேறு மாதிரி.

2023இல் அவள் வந்தாள். கூட ஒன்பது, பத்து வயதுத் தம்பி. அவனுக்கு அங்கத்துவம் எடுக்கவேண்டும் என்றாள். முகக்கவசம் இல்லாத முகத்தை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன், கண்ணை வைத்துத்தான் மட்டுக்கட்டினேன். “மிஸ் சுகமா?” என்று கேட்டாள். பரீட்சை என்னவாயிற்று என்று கேட்க வாய் வந்தது. அந்த நாளைப் பற்றியும் சொல்லவேண்டும் என்று இருந்தது. விண்ணப்பப் படிவத்தை எடுத்துக் கொடுத்து, கிராம உத்தியோகத்தரின் ஒப்பம் எங்கே வரவேண்டும் என்று காட்டினேன்.

நான் அட்டை எழுதும்போது தம்பியைக் கூட்டிக்கொண்டு உள்ளே ஒரு சுற்றுப் போனாள். சிறுவர் பகுதியைக் காட்டினாள், பத்திரிகை மேசையைக் காட்டினாள். கடைசியில் என் மேசைக்குப் பின்னால் இருக்கிற அலுமாரிக்கு முன்னால் நின்றாள்.

“இது உசாத்துணை. இத வீட்ட தரமாட்டாங்க, இஞ்ச இருந்துதான் வாசிக்கணும். சரியா?”

சரியாகத்தான் சொல்லிக்கொடுத்தாள். நான் முத்திரையை எடுத்து அவனுடைய அட்டையில் குத்தினேன்.