உங்களுக்குத் தெரியாததா, டாக்டர்?

மகளிர் மருத்துவத்தில் ஆணாகப் பணிபுரிபவனுக்கு, நோயாளி சொல்வதைவிடச் சொல்லாமல் விடுவதைக் கவனிக்கும் பழக்கம் சீக்கிரமே வந்துவிடும் என்பார்கள். எனக்கு அது சற்றுத் தாமதமாகத்தான் வந்தது. 58 வயதுப் பெண்மணி ஒருவர் இடுப்பு வலி என்று வந்தார். வலியைப் பற்றியே பேசி முடித்தோம். எழுந்து கதவருகே சென்றவர், கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே, "ரெண்டு தடவை லேசா உதிரம் பட்டுச்சு டாக்டர்" என்றார். அவருக்கு மாதவிடாய் நின்று ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. மாதவிலக்கு 12 மாதங்கள் வராமல் இருந்த பிறகு ஒரு துளி பட்டாலும், கருப்பை உட்சவ்வில் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்காமல் விடக் கூடாது என்பது எங்கள் துறையின் அரிச்சுவடி. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு அவரே கதவருகே நின்று பதில் சொல்லிவிட்டார்.

பெண் மருத்துவரிடம் முதல் நிமிடத்திலேயே சொல்லியிருப்பார் என்று உடன் பணிபுரியும் பெண் மருத்துவர் ஒருவரிடம் புலம்பினேன். அவர் சிரித்தார். தம்மிடம் யாரும் வெட்கப்படுவதில்லை, ஆனால் "உங்களுக்குத் தெரியாததா, டாக்டர்?" என்று பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள், தாமும் தலையாட்டிவிடுவதாகச் சொன்னார். 'அதிகமாகப் போகிறது' என்றால் ஒருவருக்கு நாளுக்கு நான்கு நாப்கின். இன்னொருவருக்கு மணிக்கு ஒன்று நனைந்து, இரத்தக் கட்டிகளும் விழும். தம் உடலை அளவுகோலாக வைத்துக் கேட்டால் இந்த வேறுபாடு பிடிபடாது என்பதை அவரே ஒப்புக்கொண்டார்.

மருத்துவர்–நோயாளி உரையாடல் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து டெப்ரா ரோட்டரும் சக ஆய்வாளர்களும் 2002-இல் வெளியிட்ட கட்டுரையில், பெண் மருத்துவர்கள் நோயாளியுடன் சராசரியாக 2 நிமிடம் கூடுதலாகச் செலவிடுவதாகவும், மகப்பேறு, மகளிர் நலத் துறையில் மட்டும் ஆண்களே உணர்வு சார்ந்து அதிகம் பேசுவதாகத் தெரிவதாகவும் கண்டிருந்தார்கள். எனக்கு அதில் வியப்பில்லை. அழையா விருந்தாளி கொஞ்சம் கூடுதலாகத்தான் பேச வேண்டியிருக்கும்.

இப்போது உதிரப்போக்கு, இருமும்போது சிறுநீர்க் கசிவு, உறவின்போது வலி ஆகியவற்றை எல்லோரிடமும் வாய்விட்டே கேட்கிறேன். பெரும்பாலோர் தயக்கமின்றிப் பதில் சொல்கிறார்கள். உடல் பரிசோதனை மட்டும் வேறு. அருகில் செவிலியர் இருந்தாலும், பெண் மருத்துவரே வேண்டும் என்பவரிடம் நான் காரணம் கேட்பதில்லை. சக மருத்துவரை அழைத்துவிட்டு வெளியே வந்துவிடுகிறேன். முன்பெல்லாம் அது சுருக்கென்று தைக்கும். சில நாள்களில் இப்போதும் தைக்கிறது.