ஆண்டு விழாவும் சாட்சி லிஸ்ட்டும்

ஆண்டு விழா வருதுன்னா எனக்கு முதல்ல ஞாபகம் வாறது பிளாஸ்டிக் கதிரைதான். 150 கதிரை வாடகைக்கு, ரெண்டு ஸ்பீக்கர், டென்ட், கேக், அப்புறம் பக்கத்து வீட்டு ஆன்டிக்கு முன்கூட்டியே போய்ச் சொல்லி வைக்கணும், இல்லாட்டி மைக் சத்தத்துக்கு அவங்க பொலிசுக்கு கோல் எடுப்பாங்க. போதைக்கு அடிமையானவங்கள மீட்கிற ஒரு கிறிஸ்தவ இல்லம் இது, நான் இங்க ஒஃபிஸ் வேலை. கவுன்சிலரும் இல்ல, பாஸ்டரும் இல்ல. அட்மிஷன் புத்தகம், ஃபோன், கரண்ட் பில், மருந்து பில், இவ்வளவுதான் என்ட பக்கம். கொழும்புல மட்டக்குளி பக்கமா ஒரு பழைய வீடு, கட்டில் கொஞ்சம், பின்னால பெரிய குசினி, முன்னால ஜெப ரூம்.

குடு எண்ட ஹெரோயின், ஐஸ், சாராயம், போதைக் குளிசை, எதுக்கு அடிமையானவங்களும் வருவாங்க. செவ்வாய்க்கிழமை பின்னேரம்தான் ஃபோனும் வாசலும் ஓயாது, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போயிட்டு நேரா எங்கட்ட வர்ற அம்மாமார். அதுல இந்து அம்மாவும் இருப்பாங்க, முஸ்லிம் உம்மாவும் இருப்பாங்க, மகன் விஷயத்துல அங்க யாரும் வேதம் பாக்கிறதில்ல. 2023 டிசம்பர்ல பொலிஸ் போதைக்காரங்களப் பிடிக்கிற யுக்திய ஒப்பரேஷன் தொடங்கின நேரம் கிழமை கணக்கே இல்லாமப் போச்சு, பொலிஸ் தூக்குறதுக்கு முதல்ல நீங்க எடுத்துக்கொள்ளுங்க மிஸ் எண்டு அழுதவங்க எத்தன பேர். கட்டில் இல்லன்னு சொல்றது என்ட வாய்தான், அது ஒரு தனிப் பாவம்.

சரி, விழாவுக்கு வாறன். ப்ரோக்ராம் பேப்பர் டைப் பண்றது நான். வரவேற்பு, தமிழ்லயும் சிங்களத்துலயும் ஜெபம், பாட்டு, பிரதம விருந்தினர், அப்புறம் சாட்சி. உண்மையச் சொன்னா மத்ததெல்லாம் சும்மா, சாட்சிக்குத்தான் ஆக்கள் வாறது. காசு தாறவங்களும் அதுக்குத்தான் வாறது. நான் இப்படி இருந்தேன், கர்த்தர் என்னத் தூக்கி எடுத்தார், இப்ப இப்படி இருக்கேன்னு ஒருத்தன் மைக்கப் பிடிச்சுச் சொல்லி அழுதா அந்த வருஷ அரிசி பருப்புக்கு வழி பிறந்த மாதிரி.

அந்தச் சொல்லப் பத்தி எங்கட பொடியன் ஒருத்தன் ஒருக்கா பகிடி விட்டான். "சாட்சின்னா எனக்குப் புதுக்கடைதான் ஞாபகம் வருது அக்கா, கூண்டுல ஏத்தப் போறாங்களோன்னு காலு நடுங்குது." நான் சிரிச்சிட்டேன். புதுக்கடை கோர்ட்டுக்கு அலைஞ்சவன் அவன், அவனுக்கு அது பகிடியே இல்லன்னு அப்ப விளங்கல.

அவன் பேரையும் நான்தான் லிஸ்ட்ல போட்டேன். வந்து மூணு மாசம்தான் ஆகியிருந்திச்சு. நல்லாக் கதைப்பான், பாட்டும் வரும், அம்மா ரெண்டாவது வரிசையில இருப்பா, வேற என்ன வேணும்? பதினஞ்சு நிமிஷம் கதைச்சான். அப்பாட மோதிரத்த அடகு வச்சது, தங்கச்சிட ஸ்கூல் ஃபீஸ எடுத்தது எல்லாத்தையும் சொன்னான், சனம் அழுதது, போட்டோ எடுத்து ஃபேஸ்புக்ல போட்டோம், லைக் கொட்டிச்சு. ஒன்றரை மாசத்துல வீட்டுக்குப் போன பொடியன் திரும்ப குடுவுல விழுந்துட்டான்.

விழுறது எங்களுக்குப் புதுசு இல்ல. அட்மிஷன் புத்தகத்துல "எத்தனையாவது தடவை" எண்டு ஒரு கட்டம் நானே கோடு போட்டு வச்சிருக்கேன், அதுல 2, 3, ஒரு ஐயாவுக்கு 5 வரைக்கும் இருக்கு. எல்லாரும் திரும்பி வருவாங்க, தலைய தொங்கப் போட்டுக்கிட்டு வாசல்ல நிப்பாங்க, ஒரு பிளேன்டீ குடுத்தா உள்ள வந்துடுவாங்க. இவன் மட்டும் வரல. அவன்ட அம்மாதான் ஒரு செவ்வாய்க்கிழமை வந்து சொன்னா, "அந்த மேடையில நிண்டு அவ்வளவும் சொல்லிட்டு இப்ப எந்த மூஞ்சியோட போய்க் கதவத் தட்டுறதுன்னு கேக்குறான் மிஸ்." எனக்கு அண்டைக்கு சோறு இறங்கல.

இதுல பயம் என்னன்னா, குடு விட்டு ரெண்டு மூணு மாசம் ஆனவன்ட உடம்பு பழைய அளவ மறந்துடும். முந்தி தாங்கினதையே திரும்ப எடுத்தா மூச்சு நிண்டு போகலாம். விட்டதுக்குப் பிறகு விழுற நேரம்தான் ஆபத்து கூட, அந்த நேரம்தான் அவனுக்கு எங்கட வாசல் திறந்திருக்கணும், நாங்க என்ன செஞ்சோம்னா மைக்கக் குடுத்து வாசல அடைச்சிட்டோம். இது யாரும் சொல்லி எனக்குத் தெரிஞ்சது இல்ல, அந்த அம்மாட முகத்தப் பாத்துத்தான்.

இன்னொண்டும் சொல்லணும். தொடக்க காலத்துல எங்களுக்குள்ளயே ஜெபிச்சா அண்டிரவே விடுதலைன்னு ஒரு நினைப்பு இருந்திச்சு. ஒரு சாராயக்கார அண்ணன் வந்து மூணாம் நாள் ராத்திரி, கை நடுங்குது, வேர்த்துக் கொட்டுது, செவுத்துல எறும்பு போகுதுன்னு தட்டித் தட்டி விடுறாரு, எறும்பே இல்ல. பேய் பிடிச்சிருக்குன்னு ரெண்டு பேர் கைய வச்சு ஜெபம். எங்கட வார்டன் முந்தி ஆஸ்பத்திரில அட்டெண்டன்ட், அந்த மனுசன் சத்தம் போட்டு த்ரீவீல் பிடிச்சுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனதாலதான் அவர் உயிரோட இருக்கார். ரொம்ப நாள் குடிச்சவன் திடீர்னு நிப்பாட்டினா ரெண்டாம் மூணாம் நாள் இப்படி வரும், அதுல சாகவும் சாகலாம். அதுக்குப் பிறகு டொக்டர் பாக்காம சாராயக் கேஸ் நாங்க எடுக்கிறதில்ல. ஜெபமும் இருக்கு, மருந்தும் இருக்கு, ரெண்டுக்கும் சண்டை ஒண்டும் இல்ல.

அந்தப் பொடியன் விஷயத்துக்குப் பிறகு நான் கொஞ்சம் தேடிப் பாத்தேன். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் எண்டு உலகம் முழுக்க இருக்கே, அமெரிக்காவுல அக்ரன் எண்ட ஊர்ல தொடங்கினது, அவங்கட பிறந்தநாள் 1935 ஜூன் 10. அது என்ன நாள்னு பாத்தா, தொடங்கின ரெண்டு பேர்ல ஒருத்தரான டொக்டர் பொப் கடைசியாக் குடிச்ச நாள்னு அவங்க சொல்ற நாள். அதுக்கு முதல்லயே அந்த மனுசன் ஒருக்கா நிப்பாட்டி, டொக்டர்மார் மாநாட்டுக்குப் போன இடத்துல திரும்பக் குடிச்சு விழுந்து வந்தவர். அவ்வளவு பெரிய இயக்கத்துட ஆண்டு விழாத் திகதியே ஒருத்தர் விழுந்து எழும்பின திகதி! பேருலயே "பேர் சொல்லாதவங்க" எண்டு வேற வச்சிருக்காங்க. நாங்க மூணு மாசத்துப் பொடியன்ட முழுப் பேரையும் போட்டோவோட போட்டிருக்கோம்.

இந்த வருஷம் மீட்டிங்ல சொல்லிட்டேன், ஒரு வருஷம் ஆகாத யாரையும் மேடையில ஏத்தக் கூடாது, ஆனவங்களும் தாங்களா வந்து கேட்டா மட்டும்தான். பாஸ்டருக்கு முகம் சுருங்கிட்டு. "பத்துக் குஷ்டரோகியில ஒருத்தன் திரும்பி வந்து நன்றி சொன்னானே, மத்த ஒன்பது பேர் எங்கன்னு இயேசுவே கேட்டாரே" எண்டார். நான் வேதத்துல அவரோட வாதாடுற ஆள் இல்ல, ஆனா அண்டைக்கு வாய் வந்திட்டு. "பாஸ்டர், மாற்கு முதலாம் அதிகாரத்துல சுகமாக்கின குஷ்டரோகிக்கு ஒருத்தருக்கும் சொல்லாதேன்னு சொல்லித்தானே அனுப்புறார், அவன் போய் ஊரெல்லாம் சொன்னதால இயேசுவாலயே ஊருக்குள்ள வெளிப்படையாப் போக முடியாமப் போச்சே." கொஞ்ச நேரம் மேசையில விரலால தட்டிக்கிட்டு இருந்தார். "சரி, அந்த நேரத்துக்கு இன்னொரு பாட்டுப் போடுங்க" எண்டார். நல்ல மனுசன், தோத்தாலும் முறைக்க மாட்டார்.

விழா போன ஞாயித்துக்கிழமை முடிஞ்சது. ரெண்டு பேர் தாங்களாக் கேட்டுச் சாட்சி சொன்னாங்க, ஒருத்தர் ஆறு வருஷம், ஒருத்தர் நாலு. முந்தி மாதிரி யாரும் விம்மி அழல, காசும் கொஞ்சம் குறைவுதான், கணக்குப் பாத்தவ நான், பொய் சொல்ல மாட்டேன்.

பிரதம விருந்தினர் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேக்க என்னட்ட கேட்டார், இங்கயிருந்து போன இளம் பொடியன்மார் யாராவது வந்திருக்காங்களா, ஒருக்காக் கதைக்கலாமான்னு. நான் குசினிப் பக்கம் பாத்தேன். அங்க அந்தப் பொடியன் விடியக்காலம அஞ்சு மணியில இருந்து வெங்காயம் உரிச்சு, தேங்காய் துருவி, இப்ப சட்டி கழுவுறான். எட்டு மாசம் கழிச்சு ஒரு மழை நாள்ல அவனாத்தான் வந்தான், புத்தகத்துல 2 எண்டு எழுதினேன், வேற ஒண்டும் கேக்கல. இப்ப வெளியில ஒரு ஹாட்வெயார்ல வேலை, லீவு நாள்ல வந்து குசினியில நிப்பான். நான் பாக்கிறதக் கண்டிட்டு சட்டியோடயே தலைய ஆட்டினான், வேணாம்னு.

"வந்திருக்காங்க சேர், பருப்பு எப்படி?" எண்டேன். நல்லா இருக்குன்னு இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார்.

பின்னேரம் கதிரைக்காரன் லொறியோட வந்து எண்ணினான், 149. ஒண்டு குறையுது, காசு வெட்டுவேன்னு நிக்கிறான். டென்ட்டுக்குக் கீழ தேடி, ஜெப ரூம்ல தேடி, கடைசியாக் குசினிக்குப் போனா அவன் அந்தக் கதிரையில குந்திக்கிட்டு எச்சில் தட்டுல மிச்சத்தப் பூனைக்கு ஒதுக்கிக்கிட்டு இருக்கான். "எழும்பு தம்பி, உன்ட கதிரைக்குத்தான் லொறி நிக்குது" எண்டேன்.